இருபது விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் தப்பித்தோமா?

இடுபணி (அசைன்மென்ட்) ஒப்படைக்கும் வாரம் வந்துவிட்டால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மாணவர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றும்: “உனக்கு எத்தனை பெர்சன்ட்?” பதினெட்டு என்றால் கைதட்டல். முப்பத்திரண்டு என்றால் அனுதாபம், கூடவே இலவச ஆலோசனை: “சொல்ல மாத்திப் போடு, இறங்கிடும்.”

அந்த ஆலோசனையைக் கேட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கருத்துத் திருட்டு என்பதும் கட்டுரையைச் சோதிக்கும் மென்பொருள் காட்டும் ஒப்புமை விழுக்காடு என்பதும் ஒன்றே என்று நினைப்பதால் வரும் வினை இது. விழுக்காடு முப்பதைத் தொட்டும் குற்றமில்லாத கட்டுரைகள் உண்டு. ஐந்தே காட்டி முழுத் திருட்டாக இருப்பவையும் உண்டு. அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

உபயம்: இன்னார்

தைப்பூசத்தன்று பினாங்கில் தண்ணீர்மலைக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள். ஒரு பந்தலுக்கு அரிசி ஒருவர் கொடுத்திருப்பார், மோர் இன்னொருவர், விளக்கு வேறொரு குடும்பம். பலகையில் ‘உபயம்’ என்று போட்டு அவரவர் பெயர் இருக்கும். மோரை யார் வேண்டுமானாலும் குடிக்கலாம், கொடுத்ததே அதற்காகத்தான். ஆனால் அரிசி கொடுத்தவர் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் உங்கள் பெயரை எழுதினால்? அரிசியில் ஒரு பிடி குறையவில்லை, சாப்பிட்டவர் வயிறும் நிறைந்தது. பொய்யானது பலகை மட்டும்.

கல்லூரிக் கட்டுரையிலும் இதே கணக்கு. பிறர் கண்டுபிடித்ததை எடுத்து ஆளலாம், ஆள வேண்டும். அதற்குத்தான் நூலகம் இருக்கிறது. பிறருடைய சொல்லையோ கருத்தையோ தரவையோ, அது பிறருடையது என்று வாசகருக்குத் தெரியாதபடி தன்னுடையதுபோல் முன்வைப்பதே கருத்துத் திருட்டு. எது யாருடையது என்று கட்டுரைக்குள் காட்டும் குறிப்பு மேற்கோள் சுட்டு.

இந்த வரையறையை அப்படியே பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். “என் சீனியர்தான் எடுத்துக்கோன்னு கொடுத்தாரு” என்பது பதிலாகாது. கொடுத்தவர் சம்மதித்திருக்கலாம், படிக்கும் விரிவுரையாளரிடம் பலகை இன்னும் பொய்தான் சொல்கிறது. பதிப்புரிமை வேறு விஷயம். அது நகல் எடுக்கும் உரிமை பற்றிய சட்டம். பதிப்புரிமை என்ற பேச்சே எழாத பழம்பாடல் ஒன்றின் கருத்தை உங்கள் கண்டுபிடிப்பாக எழுதினாலும் கருத்துத் திருட்டுதான். காசு கொடுத்து எழுதி வாங்கினாலும் அப்படியே.

இது வெறும் நெறி சார்ந்த பேச்சு என்று எண்ண வேண்டாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒழுங்கு விதிகள் 1999இல் கருத்துத் திருட்டுக்கென்றே ஒரு விதி இருக்கிறது. வரிக்கு வரி நகல் எடுப்பதோடு அது நிற்கவில்லை. பிறர் எழுதியதை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றித் தன் எழுத்தாகக் காட்டுவது, பிறர் கருத்தை எடுத்துச் சில மாற்றங்கள் செய்து மூலத்தைச் சொல்லாமல் மறுவரிசைப்படுத்துவது, எழுத்தில் பங்களிக்காமலே இணை ஆசிரியராகப் பெயர் சேர்த்துக்கொள்வது, பிறரது ஆய்வுக்கூட முடிவுகளையும் களத்தரவுகளையும் எடுத்துக்கொள்வது என்று வகைவகையாகச் சொல்கிறது. தண்டனை எச்சரிக்கையில் தொடங்கிப் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்குவது வரை போகலாம். ‘சொல்ல மாத்திப் போடு’ என்ற ஆலோசனை அந்தப் பட்டியலில் எங்கே வந்து உட்காருகிறது என்று பாருங்கள்.

மென்பொருள் உண்மையில் என்ன செய்கிறது

இங்குள்ள பல்கலைக்கழகங்களில் பரவலாகப் பயன்படுவது டர்னிட்டின். நீங்கள் ஏற்றும் கோப்பை அது சொற்சரங்களாக, அதாவது அடுத்தடுத்து வரும் சில சொற்கள் கொண்ட துண்டுகளாகப் பார்க்கிறது. அந்தத் துண்டுகள் தன் கிடங்கில் எங்காவது இருக்கின்றனவா என்று தேடுகிறது. கிடங்கில் மூன்று வகைச் சரக்கு உண்டு: இணையப் பக்கங்கள், ஆய்விதழ்களும் நூல்களும், இதற்குமுன் மாணவர்கள் ஏற்றிய கட்டுரைகள். பொருந்திய சொற்களைக் கூட்டி, கட்டுரையின் மொத்தச் சொற்களால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவது ஒப்புமை விழுக்காடு. அவ்வளவுதான். எண்ணுக்குப் பக்கத்தில் தெரியும் நிறமும் அதே கணக்கு: 24 வரை பச்சை, 25 முதல் 49 வரை மஞ்சள், 50 முதல் 74 வரை செம்மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. பொருத்தமே இல்லையென்றால் நீலம். பச்சை என்றால் ‘பாஸ்’ என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2,500 சொல் கட்டுரை. நூற்பட்டியலில் 20 நூல்கள், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 20 சொல் என்றால் 400 சொல். அந்த நூல்களை உங்களுக்கு முன்பு நூறு பேர் பட்டியலிட்டிருப்பார்கள், ஆகவே அத்தனையும் பொருந்தும். முதல் பக்கத்தில் விரிவுரையாளர் கொடுத்த கேள்வியை அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள், 100 சொல். வகுப்பில் எல்லாரும் சேர்க்கும் உறுதிமொழிப் பத்தி இன்னொரு 100. மேற்கோள் குறிக்குள் ஒழுங்காகச் சுட்டிய நேர்மேற்கோள்கள் 150. மொத்தம் 750 சொல். விழுக்காடு 30, நிறம் மஞ்சள், குற்றம் ஏதுமில்லை.

இன்னொரு 2,500 சொல் கட்டுரை. நூற்பட்டியலைக் கணக்கில் சேர்க்காமல் வடிகட்ட மென்பொருளிடம் சொல்லியாயிற்று, கேள்வியை ஒட்டவில்லை. நடுவில் ஒரே ஒரு பத்தி, 125 சொல், ஓர் ஆய்விதழிலிருந்து சுட்டில்லாமல் எடுக்கப்பட்டது. விழுக்காடு 5, நிறம் பச்சை. மாணவர் நிம்மதியாகத் தூங்குவார். விரிவுரையாளர் அறிக்கையைத் திறந்து அந்த ஒரு பத்தி முழுக்க ஒரே வண்ணத்தில் தீட்டப்பட்டிருப்பதைப் பார்ப்பார்.

பல துறைகள் இருபது, முப்பது என்று ஒரு வரம்பு வைத்திருப்பது உண்மை. எதைக் கூர்ந்து படிக்க வேண்டும் என்று பிரித்தெடுக்க அது உதவும். வரம்புக்குக் கீழே இருப்பது நேர்மைக்கான சான்றிதழ் அல்ல. உங்கள் அறிக்கை கையில் கிடைத்தால் மேலே இருக்கும் எண்ணை விட்டுவிட்டுத் தீட்டப்பட்ட இடங்களைப் பாருங்கள். ‘இந்த ஆய்வின் நோக்கம் யாதெனில்’ போன்ற துண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொருந்தியிருந்தால் கவலை வேண்டாம். அடுத்தடுத்த மூன்று வரிகள் ஒரே மூலத்தோடு பொருந்தி, முடிவில் சுட்டு இல்லையென்றால் அங்கேதான் வேலை இருக்கிறது.

இனி, ஆண்டுதோறும் யாராவது ஒருவர் விழும் குழி. அதிகாரப்பூர்வமாக ஏற்றுமுன் ‘செக்’ செய்து பார்க்க, சில ரிங்கிட்டுக்குச் சோதித்துக் கொடுக்கும் ஆளிடம் கோப்பை அனுப்புகிறார்கள். அந்த ஆள் பயன்படுத்தும் கணக்கில் கட்டுரையைக் கிடங்கில் சேமிக்கும் அமைப்பு திறந்திருந்தால், உங்கள் கட்டுரை ‘ஏற்கெனவே ஏற்றப்பட்ட மாணவர் கட்டுரை’ ஆகிவிடும். மறுநாள் நீங்கள் முறையாக ஏற்றும்போது உங்களோடு நீங்களே பொருந்துவீர்கள். விழுக்காடு நூறை ஒட்டி நிற்கும். அதை விளக்கப் போனால், எங்கே யாரிடம் கொடுத்தீர்கள் என்ற அடுத்த கேள்வி வரும். வரைவைச் சோதிக்க வேண்டுமானால் விரிவுரையாளரிடமே வரைவுக்கான இடத்தைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

எழுத்தை வெள்ளை நிறமாக்கி ஒளிப்பது, ஆங்கில எழுத்துக்குப் பதில் அதேபோல் தோன்றும் வேற்று மொழி எழுத்தைச் செருகுவது போன்ற வித்தைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இவற்றைத் தனியாகக் கொடியிட்டுக் காட்டும் வசதி அந்த மென்பொருளிலேயே உண்டு. தவறுதலாக விட்ட சுட்டு என்று சொல்லித் தப்பிக்க இருந்த வாய்ப்பையும் இந்த வித்தை கெடுத்துவிடும்.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. தமிழ் நூல்களில் கணிசமானவை அச்சில் மட்டுமே உள்ளன. மின்வடிவில் இருப்பவற்றிலும் பல, பக்கத்தைப் படம்பிடித்த பிடிஎஃப் கோப்புகள். மென்பொருளுக்கு அவை எழுத்தல்ல, படம். ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருவில் தட்டப்பட்டவையும் பொருந்தா. அதனால் தமிழ்க் கட்டுரையில் விழுக்காடு இயல்பாகவே தாழ்ந்து நிற்கும். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிலோ ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலோ உங்கள் கட்டுரையைத் திருத்துபவர் அந்த நூலைப் பலமுறை பாடம் நடத்தியவராக இருப்பார். இரண்டாம் வரியிலேயே அவருக்கு நடை தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: கருத்துத் திருட்டு என்பது எது யாருடையது என்பதை மறைப்பது. ஒப்புமை விழுக்காடு பொருந்திய சொற்களின் எண்ணிக்கை மட்டுமே. ஒன்றைக் குறைத்தால் மற்றது தானாகக் குறையாது.

சொல்லை மாற்றினால் சொந்தமாகுமா

அதிகம் பேர் தெரியாமல் தவறுவது இங்கேதான், ஆகவே நிதானமாகப் பார்ப்போம். விளக்கத்துக்காக நாமே எழுதிக்கொண்ட ஒரு மூலப்பகுதி இது; ஒரு நூலின் 42ஆம் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

*1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. ஆனால் கட்டடத்தின் தரத்தையோ ஆசிரியரின் தகுதியையோ யாரும் கண்டிப்பாகக் கவனிக்காததால், பல தோட்டங்களில் பள்ளி பெயரளவில்தான் இருந்தது.*

புலனக் குழு ஆலோசனைப்படி மாற்றினால் இப்படி வரும்:

*1912இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருந்தாலே எஸ்டேட்டில் பாடசாலை நடத்த வேண்டும் என்று உரிமையாளர்களை வற்புறுத்தியது. ஆனால் கட்டடத்தின் தரத்தையோ ஆசிரியரின் கல்வித் தகுதியையோ எவரும் கறாராகக் கண்காணிக்காததால், பல எஸ்டேட்டுகளில் பாடசாலை பெயருக்குத்தான் இருந்தது.*

பிள்ளைகள் குழந்தைகள் ஆனார்கள், தோட்டம் எஸ்டேட் ஆனது, பள்ளி பாடசாலை ஆனது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அசையவில்லை. ‘ஆனால்’ நின்ற இடத்தில் ‘ஆனால்’, ‘ததால்’ நின்ற இடத்தில் ‘ததால்’. இதை ஒட்டுப்போட்ட எழுத்து எனலாம். விழுக்காடு இறங்கும், ஏனென்றால் சொற்சரங்கள் அறுந்துவிட்டன. சிந்தனையின் வரிசை முழுக்க நூலாசிரியருடையது, அவர் பெயரோ எங்கும் இல்லை. கடைசியில் ஒரு சுட்டைச் சேர்த்தால்கூட இது அரைகுறைதான். சுட்டு மட்டும் இருந்தால் ‘கருத்து அவருடையது, வாக்கியம் என்னுடையது’ என்று அர்த்தம். இங்கே வாக்கியமும் அவருடையதே.

இப்போது நேர்மையான மறுகூற்று, அதாவது மூலத்தின் கருத்தை உங்கள் வாக்கிய அமைப்பில், உங்கள் தேவைக்கேற்பச் சொல்லி, மூலத்தைச் சுட்டுவது:

*தோட்டப் பள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அக்காலத் தமிழ்க்கல்வியை எடைபோட முடியாது. (நூலாசிரியர் பெயர்) (ஆண்டு, ப. 42) காட்டுவதுபோல், 1912ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கணக்குக் காட்ட நடத்தப்பட்ட பள்ளிகள் பல; அவற்றின் கட்டடமும் ஆசிரியர் தகுதியும் கண்காணிப்புக்கு உட்படவில்லை.*

முதல் வாக்கியம் உங்கள் முடிவு. நூலாசிரியரை அதற்குச் சான்றாக அழைத்திருக்கிறீர்கள். பத்துப் பிள்ளைகள் என்ற விவரம் உங்கள் வாதத்துக்குத் தேவைப்படவில்லை, விட்டுவிட்டீர்கள். எதை எடுப்பது, எதை விடுவது, எதற்காக எடுப்பது என்று நீங்கள் தீர்மானித்ததில்தான் உங்கள் உழைப்பு தெரிகிறது.

பெயர் எங்கே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். தமிழில் ‘என்கிறார்’, ‘எனக் குறிப்பிடுகிறார்’ என்பவை வாக்கியத்தின் வாலில் வரும். நான்கு வாக்கியம் எழுதி ஐந்தாவதின் கடைசியில் ‘என்கிறார் இன்னார்’ என்று போட்டால், முதல் நான்கும் அவருடையவையா உங்களுடையவையா என்று படிப்பவருக்குத் தெரியாது. மூலத்தின் கருத்து தொடங்கும் இடத்திலேயே பெயரை வையுங்கள். முடிகிற இடத்தில் ‘இதிலிருந்து’, ‘எனினும்’ என்று உங்கள் குரல் திரும்பட்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் தமிழ்க் கட்டுரைகளில் எழும் சந்தேகங்களில் பெரும்பகுதி எழாது.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். பகுதியை இரண்டு தடவை படியுங்கள். நூலை மூடுங்கள், கணினியில் என்றால் அந்தப் பக்கத்தை மறையுங்கள். இதைப் படிக்காத நண்பரிடம் சொல்வதுபோல் இரண்டு மூன்று வரி எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து இரண்டு விஷயம் சரிபாருங்கள்: உண்மை திரிந்துவிட்டதா, மூலத்தின் சொற்றொடர் ஏதாவது அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா. அப்படி வந்த சொற்றொடர் அருமையாக இருந்து விட மனமில்லை என்றால் மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுங்கள். சுட்டையும் பக்க எண்ணையும் அப்போதே எழுதுங்கள். ‘அப்புறம் சேர்த்துக்கலாம்’ என்று விட்ட பக்க எண், ஒப்படைக்கும் நாளின் நள்ளிரவில் ஒருநாளும் கிடைக்காது. அந்நேரம் யூஎஸ்எம்மின் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின்) ஹம்சா செண்டுட் நூலகத்துக்கு ஓடவும் முடியாது.

குறிப்பெடுக்கும்போதே பிரித்து வைப்பது இன்னும் நல்லது. நூலிலிருந்து வரிக்கு வரி எடுத்தது ஒரு நிறம், உங்கள் சொல்லில் சுருக்கியது ஒரு நிறம், உங்கள் சொந்த எண்ணம் ஒரு நிறம். மூன்று வாரம் கழித்துக் குறிப்பைத் திறக்கும்போது எது யாருடையது என்பது மறந்திருக்கும். தெரியாமல் நடந்த கருத்துத் திருட்டு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்த மறதிதான்.

மொழிபெயர்த்தால் தெரியாது என்ற நினைப்பு

நம் மாணவர்களுக்கு மூன்று மொழி கைவசம். தமிழ் நூலைப் படித்து மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறோம். ஆங்கில ஆய்விதழைப் படித்துத் தமிழில் எழுதுகிறோம். இது பெரிய பலம். இதே பலம்தான் சறுக்கவும் வைக்கிறது: “மொழிபெயர்த்தது நான், வாக்கியம் முழுக்க என்னோடது.” சொற்கள் உங்களுடையவைதான். வாதம், வரிசை, எடுத்துக்காட்டு எல்லாம் மூலத்தவருடையவை. மேலே சொன்ன 1999 விதிகள் மொழிபெயர்ப்பைப் பெயர் சொல்லியே சேர்த்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

தீர்வு கடினமல்ல. கருத்தை மட்டும் எடுத்தால் சாதாரண மறுகூற்றுபோலச் சுட்டுங்கள். வரிக்கு வரி மொழிபெயர்த்திருந்தால் சுட்டோடு ‘மொழிபெயர்ப்பு கட்டுரையாளருடையது’ என்று ஒரு குறிப்பு. நூற்பட்டியலில் நீங்கள் உண்மையில் படித்த நூல் வர வேண்டும். தமிழாக்கத்தைப் படித்துவிட்டு ஆங்கில மூலத்தைப் பட்டியலில் போடுவது, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது.

இதன் உறவினர்தான் இரண்டாம் கைச் சான்று. ஒரு நூலில் இன்னொரு நூலின் வரி எடுத்தாளப்பட்டிருக்கிறது. நீங்கள் படித்தது முதல் நூலை மட்டும். அப்படியானால் ‘இன்னார், இன்னாரது நூலில் எடுத்தாளப்பட்டது’ என்று எழுதிவிட்டுப் படித்த நூலை மட்டும் பட்டியலிடுங்கள். முடிந்தால் மூலத்தையே தேடிப் படித்துவிடுவது உத்தமம், ஏனென்றால் எடுத்தாண்டவரே பிழையாக எடுத்திருக்கலாம்.

தமிழ் இலக்கியம் படிப்போர் அடிக்கடி தவறவிடுவது உரையை. 391ஆவது குறள் என்று எண் போடுகிறார்கள், சரி. அடுத்த வரியில் வரும் பொருள் யாருடையது? இணையத்தில் கிடைத்த உரையை அப்படியே ஒட்டியிருந்தால் உரையாசிரியர் பெயர் வேண்டும். குறள் வள்ளுவருடையது, உரை பரிமேலழகருடையதோ மு.வ.வுடையதோ, இருவருக்கும் தனித்தனி உரிமை உண்டு.

எதற்குச் சுட்டு வேண்டாம்

மலாயா 1957 ஆகஸ்டு 31இல் விடுதலை பெற்றது, பினாங்கு ஒரு தீவையும் எதிர்க்கரையில் ஒரு நிலப்பகுதியையும் கொண்ட மாநிலம். இவற்றுக்குச் சுட்டுப் போடத் தேவையில்லை. இவை பொது அறிவு: எந்தக் கையேட்டிலும் மறுப்பின்றிக் கிடைப்பவை. பினாங்கு இலவசப் பள்ளி 1816இல் தொடங்கியது என்பதும் இந்த வகை. அங்கே தொடங்கிய தமிழ் வகுப்பு ஏன் நிலைக்கவில்லை என்பது ஒருவரது ஆய்வு முடிவு, அதற்குச் சுட்டு வேண்டும். புள்ளிவிவரம் என்றால் எப்போதும் வேண்டும். சந்தேகம் வந்தால் போட்டுவிடுங்கள். அதிகப்படியான சுட்டுக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

சுட்டும் பட்டியலும்

கட்டுரைக்குள் ஒரு சுட்டு, முடிவில் நூற்பட்டியலில் அதன் முழு விவரம்: இரண்டும் இணை. ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் பிழை. பட்டியலில் மட்டும் நூலைப் போட்டுவிட்டு உள்ளே எங்கும் சுட்டாமல் விட்டால் கடன் அடைபட்டதாக ஆகாது. எந்தப் பத்தி எந்த நூலுக்குப் பட்ட கடன் என்று யாருக்குத் தெரியும்?

எந்த முறை என்பது துறையைப் பொறுத்தது. பரவலாகக் கேட்கப்படுவது ஏபிஏ, அதாவது அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த சுட்டு முறை. அதன் ஏழாம் பதிப்பு 2019இல் வந்தது. அதில் தெரிந்திருக்க வேண்டியவை சில. நேர்மேற்கோள் 40 சொல்லுக்குக் குறைவென்றால் மேற்கோள் குறிக்குள், 40 அல்லது அதற்கு மேல் என்றால் குறியில்லாமல் உள்தள்ளித் தனிப் பத்தியாக. நூலாசிரியர் இருவர் என்றால் இருவர் பெயரும். மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் முதல் முறையிலிருந்தே முதலாமவர் பெயரும் ‘மற்றும் பிறர்’ என்பதும். மற்றதை உங்கள் துறையின் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம், மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பெயர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். நம்மவர் பெயரில் குடும்பப் பெயர் இல்லை. அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதற்குப் பின்னால் வருவது அப்பாவின் பெயர். ஸோட்டெரோ, மெண்டலே போன்ற நூற்பட்டியல் மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். விளைவு, ஆய்வு செய்த மகளுக்குப் பதில் அப்பாவின் பெயர் சுட்டில் நிற்கும். ஸோட்டெரோவில் பெயர்ப் பெட்டியை ஒற்றைப் புலமாக மாற்றும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி முழுப் பெயரையும் அவர் எழுதும் வரிசையிலேயே கொடுங்கள். மலாய்க்காரர் பெயர்களுக்கும் இதே கவனம் தேவை. ஒருவரே ஆங்கில இதழ்களில் தன் பெயரை வேறு வரிசையில் போட்டுக்கொண்டிருந்தால் அவர் போட்டபடியே விட்டுவிடுங்கள்.

நண்பர், பழைய கட்டுரை, செயற்கை நுண்ணறிவு

சேர்ந்து படிப்பது நல்லது. தனிநபர் இடுபணியைச் சேர்ந்து எழுதி இரண்டு பெயரில் கொடுப்பது கூட்டு மோசடி. கோப்பைக் கொடுத்தவரும் விசாரணைக்கு வர வேண்டியிருக்கும். நண்பர் உதவி கேட்டால் உங்கள் கட்டுரையை அனுப்பாதீர்கள். நீங்கள் பயன்படுத்திய நூல்களின் பட்டியலை அனுப்புங்கள்.

போன பருவத்தில் மதிப்பெண் வாங்கிய உங்கள் கட்டுரையையே இன்னொரு பாடத்துக்குக் கொடுப்பதும் சிக்கலே. எழுதியது நீங்கள்தான் என்றாலும் ஒரே வேலைக்கு இரண்டு முறை மதிப்பெண் கேட்கிறீர்கள். முன்கூட்டியே விரிவுரையாளரிடம் சொல்லி, எந்தப் பகுதி பழையது என்று குறித்தால் பெரும்பாலும் வழி கிடைக்கும்.

செயற்கை நுண்ணறிவில் முதல் கேள்வி ‘கண்டுபிடிப்பார்களா’ என்பதாக இருக்கக்கூடாது. இந்தப் பாடத்தில் அனுமதி உண்டா, எதுவரை உண்டு என்பதுதான் கேள்வி. ஒரு விரிவுரையாளர் எழுத்துப்பிழை பார்க்க விடுவார், இன்னொருவர் தலைப்பு யோசிக்க விடுவார், மற்றொருவர் தொடவே விடமாட்டார். பாடத்திட்டத் தாளில் இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அனுமதி இருந்தால் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கட்டுரையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இதில் கையும் களவுமாகப் பிடிபடுவது பெரும்பாலும் நூற்பட்டியலால்தான். இந்தச் செயலிகள் அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதுபவை. நூல் இருக்கிறதா என்று சரிபார்த்து எழுதுபவை அல்ல. அதனால் நம்பும்படியான தலைப்பும், உண்மையான ஆய்வாளர் பெயரும், பொருத்தமான ஆண்டும் சேர்த்து, உலகில் இல்லாத ஒரு கட்டுரையைக் கொடுத்துவிடும். தமிழ் ஆய்வுகள் பற்றிக் கேட்டால் இந்த ஆபத்து கூடுதல், இணையத்தில் தரவு குறைவு என்பதால். நூலகப் பட்டியலில் தேடி, கையில் எடுத்து, பக்கம் திறந்து பார்த்தது மட்டும் உங்கள் நூற்பட்டியலில் இருக்கட்டும்.

டர்னிட்டினில் செயற்கை நுண்ணறிவு எழுத்தைக் கணிக்கும் பகுதி 2023 ஏப்ரலில் சேர்ந்தது. இது ஒப்புமை விழுக்காட்டிலிருந்து வேறு. ஒப்புமையில் மூலத்தைக் கண்முன் காட்ட முடியும். இங்கே மூலமே கிடையாது. நடையை வைத்த ஊகம் மட்டும். குறைந்த மதிப்புகளில் தவறான குற்றச்சாட்டு நேரலாம் என்பதால் 20க்குக் கீழ் வருவதை எண்ணாகக் காட்டாமல் உடுக்குறியாக (*) காட்டுகிறது அந்நிறுவனமே. இந்த எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாணவரைக் குற்றவாளி ஆக்குவது சரியல்ல.

விசாரணைக்குக் கூப்பிட்டனுப்பினால்

பதறி உடனே கோப்பைத் திருத்தவோ அழிக்கவோ வேண்டாம். முதலில் அறிக்கையின் முழுப் பிரதியைக் கேளுங்கள். எந்த வரி, எந்த மூலம் என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. பொருந்திய ஒவ்வோர் இடத்தையும் மூன்றாகப் பிரியுங்கள்: சுட்டிய மேற்கோள், வழக்கமான சொற்றொடர், சுட்டு விடுபட்ட இடம். மூன்றாவது உண்மையிலேயே இருந்தால் அதை ஒப்புக்கொண்டு பேசுவதே நல்லது. மற்ற இரண்டையும் விளக்கும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

எடுத்துப்போக வேண்டியவை: நிறம் பிரித்த குறிப்புகள், நூல்களின் பக்கப் பிரதிகள், வரைவுகள். கூகல் டாக்ஸில் எழுதியிருந்தால் பதிப்பு வரலாறு தானாகவே பதிவாகியிருக்கும். எந்த நாளில் எந்தப் பத்தி வளர்ந்தது, எங்கே அடித்து எழுதினீர்கள் என்று வரிசையாகக் காட்டும். வேர்ட் கோப்பைக் கணினியிலேயே வைத்து எழுதுபவர்கள் நாளுக்கொரு பெயரில் தனிப் பிரதி சேமிக்கலாம். வேறெங்கோ எழுதி முடித்துக் கடைசி நாளில் மொத்தமாக ஒட்டினால், உண்மையாகவே நீங்கள் எழுதியதாக இருந்தாலும், அந்த வரலாற்றில் தெரிவது ஒரே ஒரு ஒட்டல்தான். ஆகவே முதல் வரியிலிருந்தே அங்கேயே எழுதுங்கள்.